ஏர்லூம்: ஒரு சொல்லும் ஒரு தராசும்

நகைக்கடை விளம்பரங்களில் அண்மைக் காலமாக ஓர் ஆங்கிலச் சொல் அடிக்கடி தென்படுகிறது. 'ஏர்லூம்' என்பது அச்சொல். பாட்டி காலத்து வேலைப்பாடு, தலைமுறை கடந்து நிற்கும் அணிகலன் என்னும் பொருளில் அதனைக் கையாளுகிறார்கள். ஓய்வூதியம் பெறுவதற்காக நமது கிளைக்கு வரும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், மேசைமீது கிடந்த நாளேட்டில் அச்சொல்லைக் கண்டார். "ஏர் என்றால் கலப்பை, லூம் என்றால் தறி. உழவனுக்கும் நெசவாளிக்கும் உரிய சொல்லை நகைக்கடைக்காரர் எதற்கு எடுத்துக்கொண்டார்?" என்று நம்மிடம் கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆயினும் அந்த வேடிக்கையில் பாதி உண்மை இருந்தது என்பது, அகராதிகளைப் புரட்டிய பின்னரே நமக்கு விளங்கிற்று.

சொல்லின் வரலாறு சுவையானது. அதனினும் முக்கியமாக, வைப்புத்தொகையும் பாதுகாப்புப் பெட்டகமும் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்குக் காண்போம்.

இரு மொழிகள் கூடிய சொல்

ஏர்லூம் என்பது 'ஏர்', 'லூம்' என்னும் இரு பகுதிகளால் ஆனது. முற்பகுதி வாரிசு என்னும் பொருளுடையது. எழுத்தில் அதன் முதலில் 'எச்' உண்டு, ஒலிப்பில் இல்லை. இலத்தீன் மொழியில் வாரிசைக் குறிக்கும் 'ஹேரெஸ்' என்னும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தை அடைந்தபோது, அந்த முதல் ஒலி மறைந்துவிட்டது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், சட்டமும் நிலவுடைமையும் பற்றிய சொற்கள் பலவும் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்திற் புகுந்தன. அவற்றுள் இதுவும் ஒன்று. மரபுரிமையைக் குறிக்கும் 'ஹெரிட்டேஜ்', மரபுவழிப் பண்பைக் குறிக்கும் 'ஹெரிடிட்டி' ஆகியனவும் இதே வேரிலிருந்து கிளைத்தவையே.

அவ்வேரை மேலும் தோண்டிச் சென்ற சொல்லாராய்ச்சியாளர் பலர், துணையை இழந்தவரைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுடன் அதற்கு உறவுண்டு என்று கருதுவர். வெறுமையாதல், பின்னே விடப்படுதல் என்பன அவ்வேரின் கருத்துகள். இது ஏற்கத்தக்கதாயின், வாரிசு என்பவர் பொருளைப் பெறுபவர் என்பதற்கு முன்பே, ஒருவர் போன பின் எஞ்சி நிற்பவர் ஆகிறார். இறப்புச் சான்றிதழோடு எம் மேசைக்கு முன் வந்து அமர்வோரைக் கண்டவர்க்கு இப்பொருள் புதிதாகத் தோன்றாது.

பிற்பகுதியான 'லூம்' பிரெஞ்சு வழி வந்ததன்று. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இன்று அது தறியை மட்டும் குறிக்கிறது. தொடக்கத்திலோ கருவி, தட்டுமுட்டுச் சாமான் என்னும் பொதுப் பொருளிலேயே அது வழங்கியது. நாளடைவில் கருவிகளுள் ஒன்றான தறிக்கு மட்டும் அப்பெயர் நிலைத்துவிட்டது. பழைய பொதுப் பொருள் மறைந்தபோதும், ஏர்லூம் என்னும் கூட்டுச்சொல்லில் அது பத்திரமாகத் தங்கிவிட்டது. ஆக, பதினைந்தாம் நூற்றாண்டு முதல் வழங்கும் இச்சொல்லின் நேர்ப்பொருள் 'வாரிசின் கருவி' என்பதாகும்.

நம் பெரியவர் கூறிய கலப்பைக்கும் ஆங்கில ஏருக்கும் உறவு ஏதுமில்லை. அது ஒலி ஒப்புமை மட்டுமே. ஆனால் அவர் கூறிய தறி சரியானது. ஏர்லூம் என்பது முதன்முதலில் வைரத்தையோ முத்தையோ எண்ணிப் பிறந்த சொல்லன்று. கையாற் பிடித்து வேலை செய்யும் கருவியை எண்ணிப் பிறந்தது.

சட்டம் வகுத்த எல்லை

பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் ஒருவருடைய உடைமை இரண்டாகப் பிரிந்தது. நிலமும் வீடும் வாரிசைச் சேரும்; பெரும்பாலும் அவர் மூத்த மகனாகவே இருப்பார். பணம், பாத்திரம், கால்நடை முதலிய அசையும் பொருள்களை உயிலை நிறைவேற்றுபவர் கையேற்று உரியவர்களுக்குப் பங்கிடுவார். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு விதிவிலக்கு இருந்தது. சில அசையும் பொருள்கள், அவ்விடத்து வழக்கப்படி, வீட்டை விட்டுப் பிரியாமல் நிலத்தோடு சேர்ந்து வாரிசையே அடையும். அவையே ஏர்லூம் எனப்பட்டன. அவற்றை மட்டும் தனியே பிரித்து வேறொருவருக்கு உயில் எழுதி வைக்கவும் இயலாது.

1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த தமது சட்ட விளக்கவுரையில் வில்லியம் பிளாக்ஸ்டன் இதனை விரிவாக எடுத்துரைக்கிறார். அரசரின் முடிமணிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை என்கிறார். 'லூம்' என்பதற்கு உறுப்பு என்று பொருள் கொண்டு, மரபுச் சொத்தின் ஓர் உறுப்பே ஏர்லூம் என்று அவர் விளக்கியது வேடிக்கையான செய்தி. சட்டத்தில் அவர் பேரறிஞர், சொற்பிறப்பில் சறுக்கிவிட்டார். எனினும் உடலிலிருந்து உறுப்பைப் பிரிக்கலாகாது என்பது போல, வீட்டிலிருந்து பிரிக்கலாகாத பொருள் என்னும் கருத்து அந்தத் தவற்றினுள்ளும் தெளிவாக இருக்கிறது.

1925ஆம் ஆண்டின் சட்டத்தால் மூத்த மகனே நிலத்திற்கு வாரிசு என்னும் பொது விதி இங்கிலாந்தில் நீங்கியது. அதன்பின் ஏர்லூம் என்னும் சொல் நீதிமன்றத்தைவிட்டுப் பெரிதும் இறங்கி வீட்டுக்குள் வந்தது. குடும்பத்தின் நினைவைச் சுமந்து கைமாறி வரும் எப்பொருளுக்கும் அது பெயராயிற்று. இன்று தலைமுறை தலைமுறையாக விதை காத்துப் பயிரிடப்படும் தக்காளி வகைகளையும் மேலைநாட்டார் இச்சொல்லாலேயே அழைக்கின்றனர். நம் நாட்டில் நெல் ஜெயராமன் தேடித் திரட்டிய பாரம்பரிய நெல் வகைகள் அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

நம் மொழியின் சொற்கள்

தமிழில் இதற்கு இணையான சொல் உண்டா? உண்டு, அழகிய சொல்லே உண்டு. முன்னோர் வழி வந்த உடைமையை 'முதுசொம்' என்பர். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் உடைமையை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. டச்சுக்காரர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், அவ்வழமை எழுத்து வடிவம் பெற்றது. நம்மிடையே அச்சொல் அருகிவிட்டது. பூர்வீகச் சொத்து, பிதுரார்ஜிதம் என்பனவே பேச்சிலும் பத்திரங்களிலும் நிலவுகின்றன.

உரிமைப் பங்கைக் குறிக்கும் 'தாயம்', பங்காளியைக் குறிக்கும் 'தாயாதி' ஆகியவற்றை அறியாதார் இலர். வங்காளத்தில் வழங்கிய 'தாயபாகம்' என்னும் மரபுரிமை முறையின் பெயரிலும் அதே தாயம் அமர்ந்திருக்கிறது. 'வாரிசு' அரபு மொழியிலிருந்து வந்தது. 'உயில்' ஆங்கில 'வில்' என்பதன் தமிழ் வடிவம். மரபுரிமை பற்றிய சொற்களே இவ்வாறு பல கைகள் மாறி நம்மிடம் வந்திருப்பது நோக்கத்தக்கது.

பழைய இங்கிலாந்தில் இருந்தது போலப் பொருளை வீட்டோடு பிணைத்து ஒருவருக்கே அளிக்கும் பொது விதி நம் வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. நமது சட்டம் பங்கீட்டை நோக்கியது. பெரும் செல்வர்கள் பிரியக்கூடாத பொருளைக் காக்க அறக்கட்டளையை நாடினார்கள். ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1951, 1952ஆம் ஆண்டுகளில் தம் குடும்ப நகைகளுக்கு அறக்கட்டளைகள் அமைத்ததை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அந்நகைகளுள் 173 உருப்படிகளை 1995ஆம் ஆண்டில் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. காகிதம் பறக்காமலிருக்க நிஜாம் மேசைமீது வைத்திருந்ததாகக் கூறப்படும் ஜேக்கப் வைரமும் அவற்றுள் அடங்கும்.

நிஜாமுக்கு அறக்கட்டளை இருந்தது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இருப்பது ஒரு பெட்டகமும் ஒரு படிவமும் மட்டுமே. அந்தப் படிவத்தைப் பற்றியே இனிக் கூற வேண்டியுள்ளது.

மரப்பெட்டியில் ஒரு தராசு

மகாராஷ்டிரத்தில் நாம் பணியாற்றிய ஒரு கிளையில் நிகழ்ந்தது இது. பொற்கொல்லர் ஒருவரின் மனைவி, கணவர் மறைந்த பின் தம் பெயரில் பெட்டகம் வைத்திருந்தார். அவரும் காலமான பின்னர், நியமனதாரராகப் பதிவாகியிருந்த மூத்த மகள் வந்தார். தம்பியர் இருவர் வெளியூர்களிலிருந்து உடன் வந்திருந்தனர். விதிப்படி தனித்த சாட்சிகள் இருவர் முன்னிலையில் பெட்டகத்தைத் திறந்து, உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டோம். தம்பியர் வெளியே நாற்காலிகளில் காத்திருந்தார்கள்.

வளையல்கள், ஒரு சங்கிலி, சில பொற்காசுகள். அவற்றின் அடியில், துணியிற் சுற்றிய சிறு மரப்பெட்டி ஒன்று. உள்ளே கையில் தூக்கிப் பிடிக்கும் நகைத் தராசு, தேய்ந்த பித்தளை எடைகள், ஒரு பிடி குன்றிமணி. பட்டியலில் 'பழைய தராசு, மரப்பெட்டியுடன் – 1' என்று எழுதினோம். மதிப்பு என்னும் இடத்தில் எழுத ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் இளைய தம்பி அப்பெட்டியைத் திறந்தார். தராசை வலக்கையின் இரு விரல்களால் தூக்கினார். தட்டுகள் அசைந்து நின்றன. பள்ளி விட்டு வந்து தந்தையின் பட்டறையில் அமர்ந்து எடை பார்த்தவர் அவர் ஒருவரே என்பதைப் பின்னர் அறிந்தோம். "இது மட்டும் எனக்கு வேண்டும் அக்கா" என்றார். கடைசி ஆறு ஆண்டுகள் தாயைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தவர் அக்கா. அவர் நம் பக்கம் திரும்பி, "அம்மா என் பெயரைத்தானே சார் எழுதி வைத்திருக்கிறாள்? அப்படியானால் எல்லாம் எனக்குத்தானே?" என்று கேட்டார்.

இல்லை என்பதுதான் விடை. வங்கியிடமிருந்து பொருளைப் பெற்றுக்கொள்ளும் உரிமை நியமனதாரருக்கு உண்டு. அவரிடம் ஒப்படைத்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. ஆனால் பொருளின் உரிமை வாரிசுரிமைச் சட்டப்படியே செல்லும். நியமனதாரர் வாரிசுகளின் பொருட்டு அதனைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் நியமனம் பற்றிய பிரிவுகள் 1983ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. வைப்புத்தொகைக்கான நியமனதாரர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதை 2010ஆம் ஆண்டில் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

இவற்றை நாம் எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். அம்மையார் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இதை அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே?" என்றார்.

அதற்கு நம்மிடம் விடையில்லை. 'யாராவது ஒருவர் பெயரை எழுதுங்கள்' என்று சொல்லிப் படிவத்தை நீட்டுவது எம் போன்றோர்க்குப் பழக்கமாகிவிட்டது. பெயர், உறவு, வயது, முகவரி ஆகியவற்றுக்குப் படிவத்தில் இடமுண்டு. தராசு யாருக்கு என்று எழுத அதில் இடமில்லை. அது அப்படிவத்தின் வேலையும் அன்று. அதற்கு வேறொரு தாள் வேண்டும் என்பதை அந்தத் தாயிடம் எவரும் சொல்லவில்லை.

மூன்று எளிய செயல்கள்

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி, உயில் எழுதாமல் மறையும் பெண்ணின் சொத்து முதற்கண் மகன்களுக்கும் மகள்களுக்கும் கணவருக்கும் சமமாகச் சேரும். மேற்கூறிய குடும்பத்தில் கணவர் முன்னரே மறைந்துவிட்டமையால், மூவருக்கும் ஆளுக்கொரு பங்கு. ஆணின் சொத்திலும் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடில்லை. அங்குத் தாயும் மனைவியும் முதல் வகுப்பு வாரிசுகளே. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்பது தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலும், நாடு முழுவதற்குமாக 2005ஆம் ஆண்டிலும் சட்டமாயிற்று. கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இசுலாமியர்களுக்கு அவர்தம் தனிச் சட்டமும் பொருந்தும்.

பங்கு சமம் என்பது நீதி. ஆனால் தங்கத்தைப் பங்கிடலாம். தராசைப் பங்கிட இயலாது. அத்தகைய பொருள் எவ்வீட்டிலும் ஒன்றேனும் இருக்கும். அதன் பொருட்டு வாடிக்கையாளர் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, நியமனத்தை முறையாகப் பதிவு செய்தல். 2025ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் வைப்புத்தொகைக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என ஒரே காலத்தில் பகிர்ந்தும் குறிக்கலாம். ஒருவருக்குப் பின் மற்றொருவர் என வரிசையாகவும் குறிக்கலாம். பெட்டகத்திற்கு வரிசை முறை மட்டுமே பொருந்தும். நியமனம் இருப்பின் குடும்பத்தாருக்கு அலைச்சல் குறையும். அதனால் நியமனம் வேண்டாம் என்று ஒருவரும் இக்கட்டுரையிலிருந்து முடிவு செய்துவிடலாகாது. அது கதவைத் திறக்கும் சாவி. வீட்டுக்குப் பட்டா அன்று என்பதை உணர்ந்தாற் போதும்.

இரண்டாவது, உயில் எழுதுதல். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளே போதும். எழுதுபவர் தெளிந்த மனத்துடன் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறாதவர்கள் சாட்சிகளாக அமைவது நல்லது. பதிவு செய்தல் கட்டாயமன்று. செய்து வைத்தால் பிற்காலத்தில் ஐயம் குறையும். வீடு, நிலம், வைப்புத்தொகை ஆகியவற்றோடு, விலைமதிப்பில்லாத அந்த ஒரு பொருளையும் பெயர் சொல்லி எழுதுக. இசுலாமியர் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரையே உயிலால் அளிக்கலாம் என்பதால், தம் சட்டம் அறிந்தவரைக் கலந்துகொள்வது நலம்.

மூன்றாவது, கையாற் கொடுத்தல். அசையும் பொருளைத் தானமாக அளிக்கப் பத்திரமும் பதிவும் கட்டாயமில்லை. மனமுவந்து கையில் ஒப்படைப்பதே போதுமானது. கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகளும் அருகிலிருக்கட்டும். ஏன் இவருக்கு இது என்பதை வாயாற் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குள் பிணக்கு வருவது பெரும்பாலும் பொருள் கிடைக்காததால் அன்று. பெற்றோர் மனத்தில் என்ன இருந்தது என்று தெரியாததால்தான். இது எம் அனுபவத்தில் கண்ட உண்மை.

தராசு போன இடம்

அந்தக் குடும்பத்தின் தங்கம் மூன்று சம பங்காகப் பிரிந்தது. அதில் எவருக்கும் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. தராசை அன்று அக்காவே எடுத்துச் சென்றார். ஓராண்டு கழித்து, தாயின் பெயரிலிருந்த மற்றொரு கணக்கை முடிக்க அவர் வந்தபோது, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிய பின் கேட்டோம்.

"தம்பியிடமே கொடுத்துவிட்டேன் சார். வாங்கிக்கொண்டான்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் முன்போலப் பேசுவதில்லை" என்றார்.

வாரிசின் கருவி என்பது ஏர்லூம் என்னும் சொல்லின் பொருள் என்று கண்டோம். அக்கருவி உரிய கையைத்தான் அடைந்தது. இரண்டு வரி எழுதப்படாமையால் அதற்குக் கொடுத்த விலைதான் அதிகம். அன்று முதல், நியமனப் படிவத்தை நீட்டும்போது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். வாடிக்கையாளர்களும் அடுத்த முறை கிளைக்கு வரும்போது, தம் நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக. வீட்டுக்குத் திரும்பியதும், பெட்டகத்தின் அடியில் துணியிற் சுற்றி வைத்திருப்பது எது, அது யாருக்கு என்று பிள்ளைகளிடம் சொல்வார்களாக.